பழைய படகு

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான். பழைய படகு வாங்கப் போகிறவன் பேனாக்கத்தியால் பலகையைக் குத்திப் பார்ப்பான். கத்தி பலகைக்குள் சுலபமாக இறங்கினால், படகும் கடலுக்குள் சுலபமாக இறங்கிவிடும் என்று அர்த்தம்!

1897-ஆம் வருஷம் எர்ஸ்கின் சில்டர்ஸ் என்ற வாலிபர் இப்படி ஒரு பழம்படகை வாங்கினார். லண்டன் பார்லிமெண்டில் அவருக்குக் குமாஸ்தா உத்தியோகம். படகின் பெயர் விக்ஸன். நீளம் 30 அடி. ஒரு காலத்தில் உயிர் காக்கும் படகாக இருந்ததற்கு மேலே ஓர் அறையைக் கட்டி, பாய்மரம் நட்டு, உல்லாசப் படகு என்று பெயர் வைத்திருந்தார்கள். அழகு மருந்துக்கும் கிடையாது. வாங்கியவரே அதை ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் அந்த அவலட்சணத்தில்தான் அதிருஷ்டம் ஒளிந்திருந்தது. சீமான்களின் படகுகளுக்கு அடியில் கனத்த அடிமரம் ஆழமாக நீண்டிருக்கும். விக்ஸனின் அடிமரமோ ஏற்றி இறக்கக் கூடியது. ஏற்றிவிட்டால் ஆழம் குறைந்த தண்ணீரிலும் போகலாம்.

அந்த ஆண்டு சில்டர்ஸ் தம் சகோதரருடன் ஜெர்மனியின் வட கரைக்குப் போனார். அங்கே பிரிசியத் தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே விசித்திரமான கடல் ஒன்று உண்டு. தினம் இருமுறை தண்ணீர் வடிந்து, மைல் கணக்கில் மணல் தெரியும். அந்த நேரத்தில் சீமான் வீட்டுப் படகு ஒருக்களித்துச் சாய்ந்துவிடும். விக்ஸனோ சோற்றுப் பானை மாதிரி மணலில் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மணி நேரம் கழித்து, தண்ணீர் வந்ததும் எழுந்து புறப்படும். பெரிய கப்பல்கள் எட்டிப் பார்க்காத வாய்க்கால்களையெல்லாம் அந்தச் சகோதரர்கள் பார்த்தார்கள்.

1903-இல் சில்டர்ஸின் நாவல் 'மணற்புதிர்' வெளிவந்தது. அதில் விக்ஸன், 'டல்ஸிபெல்லா' என்ற பெயரில் வருகிறது. சொகுசுக் கப்பலை எதிர்பார்த்து வந்த சிநேகிதனின் பெட்டி, அறைக்குள் நுழையாமல் அவன் விழிப்பதில் கதை சூடுபிடிக்கிறது. இங்கிலாந்தின் மேல் படையெடுக்க, அந்த மணல்திட்டுகளுக்குப் பின்னால் ஜெர்மானியர் ரகசியமாகத் தயாராகிறார்கள் என்பது விஷயம். கதைதான்; ஆனாலும் இங்கிலாந்து தூக்கம் இழந்தது. 1910-இல் அதே கரையில் உளவு பார்த்ததாக இரண்டு ஆங்கில அதிகாரிகள் பிடிபட்டபோது, விசாரணையில் இந்த நாவலும் அடிபட்டது.

பிற்பாடு சில்டர்ஸுக்கு நல்ல படகும் கிடைத்தது. கல்யாணப் பரிசாக 1905-இல் புத்தம் புதிதாகக் கட்டப்பட்ட 'அஸ்கார்ட்' அது. 1914 ஜூலையில் அதிலேதான் அவர் அயர்லாந்தின் தேசியத் தொண்டர் படைக்குத் துப்பாக்கிகளைக் கொண்டுபோய் இறக்கினார். இங்கிலாந்தை உஷார்ப்படுத்தியவர் அயர்லாந்தின் விடுதலைக்காரரானார். அங்கேயும் உள்நாட்டுச் சண்டை மூண்டது. 1922 நவம்பர் 24-ஆம் தேதி, ஒரு சிறு கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, அயர்லாந்தின் புது சர்க்காரே அவரைச் சுட்டுக் கொன்றது.

அஸ்கார்டை டப்ளின் மியூஸியத்தில் இன்றும் பார்க்கலாம். விக்ஸனைக் கடைசியில் உடைத்துப் போட்டுவிட்டார்கள். கத்தியால் குத்திப் பார்த்தவர்கள் அதை வேண்டாமென்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் அதே ஆண்டில் சில்டர்ஸ் கையில் அஸ்கார்ட் இருந்திருந்தால், ஆழமான துறைமுகங்களில் கௌரவமாக நங்கூரம் போட்டு, நல்ல சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பியிருப்பார். நாவல் மட்டும் கிடைத்திருக்காது.