குக்கல் ஊசி: எழுபது ஆண்டு மறதி

என்னுடன் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் தம்பி ஒருவர் அண்மையில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். ஊரில் விரிவுரையாளனாக இருந்த பாவத்துக்கு, இங்கு எம்மவரின் ஜேர்மன் கடிதங்கள் எல்லாம் என்னிடந்தான் வரும். அவரது மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. குக்கலுக்கு (கக்குவான் இருமல்) எதிரான தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளும்படி வைத்தியர் எழுதியிருந்தார். "சேர், குக்கல் சின்னப் பிள்ளையளுக்கு வாற வருத்தமெல்லோ? இவவுக்கு ஏன் ஊசி?"

கேள்வி நியாயமானது. விடைக்கு ஒரு வரலாறு உண்டு.

குக்கல் கிருமியை 1906இல் பெல்ஜியத்தில் போர்டே, ஜாங்கூ ஆகிய இருவரும் பிரித்தெடுத்தனர். 1930களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேர்ள் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண்கள், பகல் வேலை முடிந்த பின் வீடுவீடாகச் சென்று, இருமும் குழந்தைகளிடம் கிருமி சேகரித்து, பயன்தரும் ஊசியை உருவாக்கினர். ஆயினும் ஓர் இடைவெளி எஞ்சியது. குழந்தைக்கு முதல் ஊசி இரண்டாம் மாதமளவில்தான். குக்கல் அதிகம் கொல்வதோ பிறந்து சில வாரங்களேயான சிசுக்களை. அந்த வயதில் இழுத்து இருமக்கூட இயலாது. மூச்சு நின்று உடல் நீலம் பாரிக்கும்.

தாய்க்கு ஊசி போட்டால் அவளது எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைகிறது என்பதை நியூயோர்க்கில் கோஹனும் ஸ்கட்ரனும் 1943இலேயே எழுதிவிட்டனர். பின்னர் குழந்தைகளுக்கான ஊசி பரவியது, நோய் குறைந்தது, கர்ப்பிணிக்கு ஊசி போடத் தயக்கமும் இருந்தது. அந்த அறிவு கிடப்பில் போடப்பட்டது.

2012இல் இங்கிலாந்தில் குக்கல் பெருகி 14 சிசுக்கள் இறந்த பின்னரே அது தூசி தட்டி எடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு ஊசி ஆரம்பமாகியது. ஊசி பெற்ற தாய்மாரின் சிசுக்களில் பத்துக்கு ஒன்பது பங்கு நோய் தடுக்கப்பட்டது. சுவிஸில் 2013இல் வந்த பரிந்துரை, 2017இல் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் என விரிந்தது. ஏனெனில் தாயின் எதிர்ப்புச் சக்தி விரைவில் தேய்கிறது. ஜெனீவாவில் 335 பெண்களிடம் நடந்த ஆய்வொன்று, கர்ப்பத்தின் நடுப்பகுதியில் போடுவதே குழந்தைக்குக் கூடுதல் காப்பளிக்கிறது என்று 2016இல் காட்டியது.

இதெல்லாம் மருந்துக் கம்பனிகளின் வியாபாரம் என்று எம்மிடையே சிலர் சொல்லக்கூடும். கம்பனிகள் மீதான சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் பிரித்தானியாவில் ஊசி பெற்ற சுமார் 20,000 கர்ப்பிணிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, வயிற்றில் குழந்தை இறப்பது அதிகரித்ததாகக் காணப்படவில்லை. சந்தேகம் ஆதாரத்தைத் தேடவேண்டும். கிடைத்த பின் அதற்கு மதிப்பளிக்கவும் வேண்டும்.

உண்மையில் இது எமக்குப் புதியதல்ல. இலங்கையில் 1969 முதல் கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி போடப்பட்டது. தொப்புள்கொடி வழியே வரும் ஏற்புவலியிலிருந்து குழந்தையைக் காக்கத்தான் எமது தாய்மார் கையை நீட்டினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் எழுத்தறியாதவர்கள். மருத்துவமாது படலையடியில் நின்று, அவர்களது மொழியில் விளக்கினாள், அவ்வளவுதான்.

இங்கு படலையும் இல்லை, மருத்துவமாதும் இல்லை. கடிதம் மட்டும் வருகிறது. 1943இன் அறிவு எழுபது ஆண்டு கிடப்பில் கிடந்ததற்கு மருத்துவ உலகம் பதில் சொல்லட்டும். இன்று அது எம் வீட்டுத் தபாற்பெட்டியில் வாசிக்கப்படாமல் கிடந்தால், பதில் சொல்லவேண்டியவர்கள் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள்தான்.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவே: "அம்மாவுக்குப் போட்ட ஏற்பு ஊசி மாதிரித்தான். இந்த ஊசிக்குள்ள அதுவும் இருக்கு."

அடுத்த கிழமையே இருவரும் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சிசுவுக்குப் பக்கத்தில் இருமப்போகிறவர் தகப்பனுந்தானே.