வக்ஃபின் விளைச்சல்: மதுரையில் ஒரு சமுதாயக் கல்லூரி

'சமுதாயக் கல்லூரி' என்னும் சொல் இன்று இரு பொருளில் வழங்கி வருகிறது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்க்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் நிலையம் என்பது ஒரு பொருள். 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கிய முயற்சிகளால் அது பரவிற்று. நம்மிடையே அதற்கு முன்பிருந்தே வேரூன்றிய பொருள் வேறு. ஒரு சமுதாயம் தன் பொருளைத் திரட்டித் தன் பிள்ளைகளுக்கும் ஊரார் பிள்ளைகளுக்கும் எழுப்பிய கல்லூரியே நமக்குச் சமுதாயக் கல்லூரி. அவ்வகைக் கல்லூரிகளுள் மதுரை கே.கே. நகரிலுள்ள எம்.எஸ்.எஸ். வக்ஃபு வாரியக் கல்லூரி தனித்து ஆராயத்தக்கது. ஏனையவை வள்ளல்களின் பெயரையோ சங்கங்களின் பெயரையோ தாங்கி நிற்க, இக்கல்லூரி வக்ஃபு என்னும் அறநெறியையே தன் பெயரில் தாங்கி நிற்கிறது.

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, மூலத்தை நிறுத்தி வைத்து விளைச்சலை அறத்திற்கு வழங்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். விற்கவோ வாரிசுரிமையாகப் பெறவோ இயலாத அந்நிலமே பிற்கால வக்ஃபுகளுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. 11ஆம் நூற்றாண்டில் பக்தாதில் எழுந்த நிஸாமிய்யா, 13ஆம் நூற்றாண்டில் அங்கேயே எழுந்த முஸ்தன்சிரிய்யா ஆகிய பெருங்கலைக்கூடங்கள் வக்ஃபு வருவாயினாலேயே ஆசிரியர்க்கு ஊதியமும் மாணவர்க்கு உதவித்தொகையும் வழங்கின. பள்ளிவாசலுக்கு விளக்கெரிப்பது போன்றே கல்விக்கூடத்திற்கு விளக்கேற்றுவதும் வக்ஃபின் பணியே என்பதற்கு அவை சான்றுகளாகும்.

மதுரை மண்ணுக்கும் இவ்வறம் புதிதன்று. மேலூர் வட்டத்துத் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று அறியப்படுவது. அவர் காலத்திற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் அவ்வூரின் குன்றில் உள்ளன. துறவியர்க்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்தோரின் பெயர்களை அவை குறிக்கின்றன. அறிவையும் அறத்தையும் நாடி வாழ்வோர்க்கு இடம் கொடுத்தல், கல்லில் பொறிக்கத்தக்க செயலாக இங்கே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மதிக்கப்பட்டது. மதுரைக் கோரிப்பாளையம் தர்காவிலுள்ள கல்வெட்டும் கருதத்தக்கது. பாண்டிய மன்னன் வழங்கிய ஊர்கள் பற்றி எழுந்த வழக்கை நாயக்க மன்னர் வீரப்பர் விசாரித்து, 1573இல் அவ்வுரிமையை உறுதிசெய்தார் என்று அது தெரிவிக்கிறது. பிற சமயத்து அரசர் ஒருவர், முன்னவர் கொடுத்த அறக்கொடையைப் பின்னவர் அழிக்கலாகாது என்று தீர்ப்பளித்தமை நம் வரலாற்றின் பெருமைக்குரிய பக்கமாகும்.

ஆயினும் நவீனக் கல்வியில் மதுரை முஸ்லிம்கள் நெடுங்காலம் பிறர் கட்டிய வாயில்களிலேயே நுழைய வேண்டியிருந்தது. அமெரிக்கன் கல்லூரி 1881இலும், மதுரைக் கல்லூரி 1889இலும், லேடி டோக் கல்லூரி 1948இலும், தியாகராசர் கல்லூரி 1949இலும், பாத்திமா கல்லூரி 1953இலும் தோன்றின. அவை முஸ்லிம் மாணவர்க்குக் கதவடைக்கவில்லை. கவிக்கோ அப்துல் ரகுமான் மதுரையில் பிறந்து, கருமுத்து தியாகராசர் நிறுவிய கல்லூரியிலேயே தமிழ் பயின்றார். எனினும் தானும் ஒரு வாயிலைத் திறந்து பிறரை வரவேற்கும் பேறு சமுதாயத்திற்கு வேண்டியிருந்தது. வாணியம்பாடியில் 1919இலும், திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியின் வாயிலாக 1951இலும், அன்றைய மதுரை மாவட்டத்து உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் வாயிலாக 1956இலும் அப்பேறு கிட்டிற்று.

1954ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டப்படி சென்னை மாநில வக்ஃபு வாரியம் 1958இல் அமைந்தது. ஆறே ஆண்டுகளில், 1964இல், அவ்வாரியம் மதுரையில் கல்லூரி கண்டது. தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த மதுரை வட்டாரக் கல்லூரிகள், 1966இல் மதுரையில் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதனுடன் இணைந்தன. 1978இல் அது காமராசர் பெயரை ஏற்றது. அதே ஆண்டில் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி புகுந்ததால் புகுமுக வகுப்பு கல்லூரிகளிலிருந்து விடைபெறலாயிற்று. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் ஆரவாரம் நிறைந்திருந்த வளாகங்கள் பட்ட வகுப்பு இளைஞரின் இடமாயின.

இக்கல்லூரியின் தனித்தன்மை அதன் பொருளாதார வேரில் உள்ளது. வாரியத்தின் வருவாயில் முதன்மையானது வக்ஃபுகள் செலுத்தும் பங்களிப்பு. 1995ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டு நிகர வருமானம் 5,000 ரூபாய்க்குக் குறையாத வக்ஃபின் முத்தவல்லி 7 விழுக்காட்டிற்கு மிகாமல் வாரியத்திற்குச் செலுத்த வேண்டும் என்று விதித்தது. ஏதோ ஒரு சிற்றூரில், என்றோ ஒருவர் பள்ளிவாசலுக்கு எழுதி வைத்த நஞ்சையின் நெல்லும், கடைத்தெருவில் விட்டுச் சென்ற கடையின் வாடகையும் துளித்துளியாய் வந்து சேரும் நிதி அது. அத்தகைய நிதியைக் காக்கும் அமைப்பு ஒன்று கல்லூரியைத் தன் பொறுப்பில் ஏற்கும்போது, பெயர் தெரியாத வாகிஃபுகள் அனைவரும் அதன் கொடையாளர் வரிசையில் நிற்கின்றனர். மாந்தர் மறைந்த பின்னும் தொடரும் நன்மைகளுள் நிலையான தர்மத்தையும் பயன்தரும் கல்வியையும் நபிகளார் (ஸல்) எண்ணிக் காட்டினார்கள். அவ்விரண்டும் இங்கே ஒன்றாகின்றன.

அதன் பயன் யாரைச் சேர்கிறது? மேலூரில் அரசு கலைக் கல்லூரி 1969இல் தோன்றியது. அதுவரை திருவாதவூர், மேலூர்ப் பகுதி மாணவர்க்கு மதுரையே கல்லூரிக்கு வாயில். ஒத்தக்கடை வழியாக நகருக்குள் நுழைவோர்க்குக் கே.கே. நகர் எளிதில் எட்டும் இடம். இத்தகைய கல்லூரிகளில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற வருவோரே உயிர்நாடி. தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவன் ஆங்கிலப் பாடநூலைக் கண்டு மருளும் முதலாண்டு, வேறு சமயத்து நண்பனோடு பகிரும் மதிய உணவு, ஜும்ஆ தொழுகைக்குச் செல்வோர்க்குப் பாடக்குறிப்பை எடுத்து வைக்கும் தோழமை ஆகியவை பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்கள். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினர்க்குக் கல்வி நிலையம் நடத்தும் உரிமையை அளிக்கிறது. அவ்வுரிமையின் அழகு, அவ்வாயில் எல்லார்க்கும் திறந்திருப்பதில்தான் வெளிப்படுகிறது.

தமிழுக்கும் இவ்வளாகங்கள் செய்த தொண்டு சிறிதன்று. தியாகராசரில் பயின்ற கவிக்கோ, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஒரு கவிஞர் தலைமுறையை வளர்த்தார். 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவரே 2009 முதல் 2011 வரை தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் தலைவராகவும் அமர்ந்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகமோ இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கெனத் தனித்துறை கண்டு, இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் அவர்களைப் பேராசிரியராக அமர்த்தியது. அவரும் பீ.மு. அஜ்மல்கானும் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு அங்கிருந்தே வெளிவந்தது.

பெருமையோடு நின்றுவிடலாகாது. நாட்டின் முதன்மைக் கல்லூரிகளில் இளங்கலை மாணவர் இருபத்தைவருள் ஒருவரே முஸ்லிம் என்று 2006இல் சச்சார் குழு கண்டது. அக்குழு பதிவு பெற்ற வக்ஃபுச் சொத்துகளை 4.9 லட்சம் என்றும், அவற்றின் ஆண்டு வருவாயை ஏறத்தாழ 163 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. முறையாகப் பேணினால் அது 12,000 கோடியாகலாம் என்றும் மதிப்பிட்டது. இவ்விரு எண்களுக்கிடையே உள்ள பள்ளத்தில் எத்தனை கல்லூரிகள் எழாமற் போயின! 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வாரியத்திற்கான பங்களிப்பின் உச்சவரம்பை 7இலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்துள்ளது. இனித் துளிகள் இன்னும் சிறுத்தே வரும். ஆகவே வரும் துளியில் ஒன்றும் சிந்தாதிருக்க வேண்டும்.

ஒரு வள்ளல் நிறுவிய கல்லூரிக்கு அவர்தம் குடும்பமேனும் காவலிருக்கும். எல்லார் பொருளிலும் எழுந்த கல்லூரியோ, எல்லார்க்கும் உரியது என்பதனாலேயே எவரும் கேளாததாகிவிடும் இடர் உடையது. கணக்கு வெளிப்படையாதலும், ஆசிரியர் தகுதியால் அமர்த்தப்படுதலும், இடம் ஏழை மாணவனைச் சேர்தலும் நிர்வாக நெறிகள் மட்டுமல்ல. வாகிஃபின் நிபந்தனையை நிறைவேற்றும் அமானிதம். 1573இல் ஓர் அறக்கொடையின் உரிமை கேள்விக்குள்ளானபோது அரசரிடம் சென்று வழக்குரைக்க ஆட்கள் இருந்தனர். அதனாலேயே அக்கல்வெட்டு நமக்கு எஞ்சியது. நம் காலத்து வக்ஃபுகளுக்கும் அவ்வாறு கேட்போர் வேண்டும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் வக்ஃபின் கணக்கை ஆண்டுதோறும் கேட்டறிவதே அதற்கு முதற்படி.