துவர்ப்பின் பெயர்

கடுக்காயைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் துவர்ப்பு இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. நாக்கு சுருங்கும், வாய் வறண்டு போகும். இந்தச் சுவையையே தன் பெருமையாகக் கொண்ட சிவப்பு ஒயின் ஒன்று பிரான்ஸ் தேசத்தில் உண்டு. மதிரான் என்று பெயர். மதுவின் புகழ் பாடுவது என் நோக்கமல்ல. பெயரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பிரனீஸ் மலைக்கு வடக்கே, களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த மேட்டு நிலங்களில் 'தனா' என்ற கறுப்புத் திராட்சை விளைகிறது. அதன் தோலிலும் விதையிலும் டானின் என்கிற துவர்ப்புச் சத்து மிகுதி. புதிய மதிரான் முரட்டு ஒயின்; பீப்பாயிலும் புட்டியிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்துதான் இணக்கத்துக்கு வரும். 1948-இல் பிரெஞ்சு அரசாங்கம் அந்தக் கிராமத்தின் பெயரையே அதற்குச் சட்டப்படி உரிமையாக்கிற்று. வேறு பிராந்தியத்தார் அப்பெயரைச் சூட்டி விற்க முடியாது.

பாகாயத்துக்காரனான எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். ஒயினில் நாக்கைப் பிடிக்கும் அதே வகைச் சத்துதான் பச்சைத் தோலையும் பிடித்து, அழுகாமல் காக்கிறது. நம் பக்கத்தில் அது ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், புதுச்சேரியிலிருந்து வந்த சார்லஸ் டி சூசா என்பவர் பதனிடும் முறையைத் திருத்திச் சென்னையில் பரப்பினார். பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கும் டேனரிகள் பெருகின. லண்டன் சந்தையில் அந்தத் தோலுக்கு நல்ல கிராக்கி. ஆனால் அங்கே அதற்குப் பெயர் 'ஈஸ்ட் இந்தியா தோல்'! ஆவாரஞ்செடியின் பெயருமில்லை, பதனிட்டவன் ஊரின் பெயருமில்லை. பிற்காலத்தில் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் 'ஈ.ஐ. தோல்' என்றே பதிவாயிற்று.

1970-களில் அரசாங்கம் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்டு விற்கத் தூண்டிற்று. குரோம் உப்பு பரவியது. பட்டை வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோம் ஒரே நாளில் முடித்தது. கழிவு நீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கிற்று, விளைநிலங்கள் பாழாயின. குடிமக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நியதி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்றும் உறுதி செய்தது.

'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' என்று அந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மதிரானின் பெயர் அதன் புட்டியில் இருக்கிறது. நம் ஊரின் பெயரோ, தோலில் ஏறாமல் தீர்ப்பில் ஏறிவிட்டது.