வெள்ளலூர் காசும் பிரியாணி இலையும்

வீட்டுத் தோட்டத்துல குட்டை ரக லாரல் வளர்க்க ஆசையா? வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பார்த்துடலாமுங்க.

'பே லீஃப்'னு ரெண்டு இலையையும் ஒரே பேர்ல கூப்பிடறதால வந்த குழப்பம் இது. நம்ம பிரிஞ்சி இலை இமயமலைப் பக்கத்து மரம், லவங்கப்பட்டையோட பங்காளி. காம்புல இருந்து நுனி வரைக்கும் மூணு நரம்பு ஓடும். லாரல் மத்தியதரைக்கடல் நாட்டுச் செடி, நடுவுல ஒரே நரம்பு.

கி.பி. முதல் நூற்றாண்டு 'பெரிப்ளூஸ்' நூல், சேர நாட்டுத் துறைமுகங்கள்ல மிளகோட ஏத்துமதியான 'மாலபத்ரம்' பத்திச் சொல்லுது. அது 'தமாலபத்ரம்'கிற நம்ம பேரோட கிரேக்க உச்சரிப்பு. பிரிஞ்சி இலை வகையறாதான்!

பதிலுக்கு வந்த ரோமானியக் காசுகள் பாலக்காட்டுக் கணவாய் வழியா கொங்குநாட்டுக்கும் வந்துச்சு. கோவை வெள்ளலூர்ல 1842ல ஒரு புதையலே கிடைச்சது. அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள்ல அரசன் தலையைப் பாருங்க, வெற்றிக்கு அடையாளமா லாரல் மாலை! அங்கிருந்து நம்ம ஊருக்கு லாரல் வந்தது இலையா இல்லை, வெள்ளியில.

செடி வெக்கறவங்க தாராளமா தொட்டியில வைங்க. மெதுவாத்தான் வளரும், வெட்டி விட்டா குட்டையாவே நிக்கும், தண்ணி மட்டும் தேங்கக்கூடாது. ஆனா பிரியாணி வாசத்துக்கு மளிகைக்கடையே கதி :-)