மாத்தளைத் தோட்டத் தொழிலாளரும் சேமலாப நிதியும்

ஒருவன் தன் உழைப்பினாற் சேர்த்த பொருளை எப்பொழுது கையிற் பெறலாம் என்பது வெறுங் கணக்கு வினாவன்று. எந்நாட்டில் வாழ்வது, எந்நாட்டு மண்ணில் மறைவது என்பவற்றையும் அக்கணக்குத் தொட்டுச் சென்ற ஒரு காலம் இலங்கை வரலாற்றில் உண்டு. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை குடியுரிமை பற்றியது என்றே பொதுவாகப் பேசப்படுகின்றது. அதனுள்ளே தொழிலாளரின் முதுமைக்கால வைப்புப் பணத்தைப் பற்றிய வாசகமும் அடங்கியிருந்தது. மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களை நிலைக்களனாகக் கொண்டு அவ்வாசகத்தின் விளைவை ஆராய்தல் பயனுடைத்து.

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் மாத்தளைக்குத் தனியிடம் உண்டு. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், வன்னிக் காட்டினூடே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பல்லாயிரவர். 1880 இற் புகையிரதப் பாதை மாத்தளைக்கு வந்தது. அதற்குள் இலைநோயினாற் கோப்பி அழியத் தொடங்கிவிட்டது. பின்னர் எல்கடுவ, இறத்தோட்டை, கம்மடுவைப் பகுதி மலைகளில் தேயிலையும், தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் கொக்கோவும் பரவின. மாத்தளை நகரத்து முத்துமாரியம்மன் கோயில் இம்மக்களின் வழிபாட்டு நிலையமாயிற்று. லயத்து அறையில் வாழ்ந்து, பெரட்டுக்கு நின்று, நாட்சம்பளம் பெற்ற தலைமுறைகள் பல. தள்ளாத வயதில் அவர்க்கு மகன் சம்பாத்தியமன்றி வேறு பற்றுக்கோடில்லை.

இந்நிலையை ஓரளவு மாற்றியது 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். தொழிலாளி தன் வருவாயில் நூற்றுக்கு 4 வீதமும், முதலாளி 6 வீதமும் செலுத்துதல் வேண்டும் என்பது தொடக்க விதி. தொழில் ஆணையாளர் நிர்வாகஞ் செய்ய, பணத்தை மத்திய வங்கியின் நாணயச் சபை முதலீடு செய்தது. தோட்டத் தொழிலாளர் பலரின் பணம் தனியான சேமநிதிச் சங்கங்களிலும் இருந்தது. இது மாதந்தோறும் வழங்கும் ஓய்வூதியமன்று. ஒருமுறை கையிற் கிடைக்கும் தொகையே. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனைப் பெறலாம். அதற்கு முன்னர்ப் பெறுவதற்குச் சில காரணங்களே ஏற்கப்பட்டன. உடல் முற்றாக இயலாமற் போதல், பெண்ணாயின் மணஞ்செய்து வேலையை விடுதல் என்பன அவற்றுட் சில. நாட்டைவிட்டு நிரந்தரமாக நீங்குதல் என்பது மற்றொன்று. எங்கேனும் வேலை பெற்றுச் செல்லும் சிலரை நோக்கி எழுதப்பட்ட இக்காரணம், ஆறே ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர்க்கு உரியதாயிற்று.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் வழியாக உரிமை பெற்றோர் சிறுதொகையினரே. எஞ்சிய 9,75,000 பேரைக் கணக்கிற் கொண்டு 1964 ஒக்டோபர் 30 இல் உடன்படிக்கை எழுதப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவதற்கு. பங்கிடப்பட்டோரின் கருத்து கேட்கப்படவில்லை, சௌ. தொண்டமான் அதனை வன்மையாகக் கண்டித்தார்.

உடன்படிக்கையின் இரு வாசகங்கள் ஈண்டு நோக்கற்பாலன. இந்தியா செல்வோர் தம் சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட உடைமை அனைத்தையும் கொண்டு செல்லலாம். குடும்பமொன்று கொண்டு செல்லக்கூடிய உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்பது ஒன்று. அன்று வேலையிலிருந்தோர் புறப்படும் நாள்வரை, அல்லது 55 வயதுவரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை வேலை செய்யலாம் என்பது மற்றொன்று. சேமலாப நிதி முதிரும் வயதே தொழில் முடியும் வயதுமாக அமைந்தமை காண்க. இவை தொழிலாளரின் நலங்கருதி எழுதப்பட்டவை எனக் கொள்ளுதலே நேர்மை. வெறுங்கையோடு கப்பலேற்றப்படுவதிலும் இது மேலானதன்றோ? ஆயினும் நலங்கருதிய விதி, வறியவன்முன் வைக்கப்பட்டபொழுது வேறு வடிவங் கொண்டது. இருப்போன் தன் பணத்தைக் காண 55 வயதாகும்வரை காத்திருத்தல் வேண்டும். செல்வோன் அதனை இன்றே பெறுவான். நாற்பது வயதுத் தொழிலாளிக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு பதினைந்து ஆண்டு.

அப்பணந்தான் எத்துணையது? நாளொன்றுக்கு 2 ரூபாச் சம்பளமும் மாதத்தில் 25 நாள் வேலையும் எனக் கொண்டால், தொடக்க வீதப்படி இரு பங்குஞ் சேர்ந்து மாதத்துக்கு 5 ரூபா. பன்னிரண்டு ஆண்டில் வட்டி நீங்கலாக 720 ரூபா. கணவனும் மனைவியும் உழைத்தாலும் 1,440 ரூபாவே. 4,000 ரூபா என்னும் வரம்பு இத்தகைய குடும்பத்துக்குப் பெருங் காப்பாகத் தோன்றினும், அவ்வரம்பை எட்டுமளவு பொருள் அதனிடம் இருந்ததில்லை. எனினும் கையிலே நூறு ரூபாவை ஒருங்கே கண்டறியாதவனுக்கு அச்சிறுதொகையும் பெருஞ்செல்வமே.

இத்தனை இருந்தும் தொழிலாளர் விரைந்து புறப்பட்டாரல்லர். 1968 முதல் 1970 ஏப்பிரல் வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டபொழுது, இந்தியக் குடியுரிமை வேண்டினோர் ஏறத்தாழ 4,00,000 பேர். இலங்கைக் குடியுரிமை வேண்டினோர் 6,00,000 பேருக்கும் மேற்பட்டோர். முன்னையது ஒதுக்கிய தொகையிற் குறைந்தது. பின்னையது அதன் இருமடங்கு. மக்கள் மனம் எப்பக்கம் நின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பணம் மட்டும் அவர்களை அசைக்கவில்லை.

அசைத்தவை பின்னர் வந்தவை. எழுவர் இந்தியா சென்றால் நால்வர்க்கு இலங்கைக் குடியுரிமை என்னும் விகிதம், 1971 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உண்மையாகவே கப்பலேறியோர் தொகையோடு பிணைக்கப்பட்டது. இருக்க விரும்பியவன் அயல் லயத்தார் செல்வதை எதிர்நோக்கி நிற்கவேண்டியதாயிற்று. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 இற் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. கைமாறிய தோட்டங்கள் பலவற்றிலே தமிழ்த் தொழிலாளர் வேலையும் உறைவிடமும் இழந்தனர். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் லயங்களிற் பட்டினிச் சாவுகளை விளைத்தது. 1977 ஆம் ஆண்டின் வன்செயல் அச்சத்தைச் சேர்த்தது. பசித்தவனுக்கும் அஞ்சியவனுக்கும் அடைபட்டுக் கிடக்கும் சேமிப்பு நினைவில் வராதிருக்குமா? உரிமைக்காக எழுதப்பட்ட வாசகம் இவ்வாறுதான் உந்துகோலாயிற்று.

இந்தியக் கடவுச்சீட்டுக் கைக்கு வந்தபின் தொழிலாளியின் பெயர் தோட்டப் பதிவிலிருந்து நீக்கப்படும், பணம் தீர்க்கப்படும். கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அலைந்து, ஆடுமாடுகளை விற்று, தலைமன்னார்ப் புகையிரதம் ஏறினர். பாட்டனார் நடந்து வந்த வடபாதை அதே திசையில் இருந்தது. இராமானுஜம் என்னும் கப்பல் அவர்களை இராமேசுவரத்தில் இறக்கியது. மண்டபம் முகாம் வரவேற்றது. சிலர் நீலகிரியிலே தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். சிறுதொழிற் கடன் பெற்றோரிற் பலர் அறியாத தொழிலில் அதனை இழந்தனர். சேமலாப நிதியாகக் கொண்டுவந்த சிறுதொகை தரகர் கையிலும் அன்றாடச் செலவிலும் கரைந்த கதை அம்மக்களிடையே பொதுவானது. முதுமைக்கென வைத்த பணம் முதுமை வருமுன்னரே தீர்ந்தது.

ஐந்தாண்டு சேவைக்குமேற் பணிக்கொடையைச் சட்டப்படி உறுதிசெய்த 12 ஆம் இலக்கச் சட்டம் 1983 இலேதான் வந்தது. நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் என அது விதித்தது. அதற்குள் சென்றோரிற் பெரும்பகுதியினர் கடலைக் கடந்துவிட்டனர். அதே ஆண்டு ஆடி மாத வன்செயலில் மாத்தளை நகரத்துத் தமிழர் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் எரியுண்டன. 1984 இற் கப்பற் போக்குவரத்து நின்றது. அதுவரை சென்றோர் 3,00,000 பேருக்கும் மேற்பட்டோர். கடவுச்சீட்டுப் பெற்றும் செல்ல முடியாதோர் தோட்டங்களிலேயே தங்கி, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைக் குடியுரிமை எய்தினர்.

இருந்தோர்க்கும் காத்திருப்பு எளிதாகவில்லை. 1992 இற் பெரும்பாலான அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. மாத்தளை, கண்டி மாவட்டங்களில் அரசின் பொறுப்பில் எஞ்சிய எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி முதலிய நிறுவனங்களிலே, தொழிலாளரின் சேமலாப நிதிப் பங்கும் பணிக்கொடையும் பல்லாண்டு நிலுவையாயின. பாராளுமன்றத்திலும் அது மீண்டும் மீண்டும் பேசப்பட்டது. சம்பளத்திற் கழிக்கப்பட்ட பங்கு நிதிக்குச் சென்று சேராமையால், 55 வயதை எட்டிய தொழிலாளர் தோட்டக் காரியாலயத்துக்கும் தொழிற் காரியாலயத்துக்குமாக நடந்தனர்.