ஏட்டுச் சொல்லும் வீட்டுச் சொல்லும்

பேசுதல் மனிதர் நாள்தோறும் செய்யும் தொழில். அதைக் குறிக்கும் வினைச்சொல் எளிதில் மறையாது என்றே நாம் எண்ணுவோம். ஆயின், இலத்தீன் மொழியின் வரலாறு வேறு செய்தி கூறுகிறது.

பண்டை உரோமாபுரியில் சிசரோ போன்ற நாவலர்கள் பேசுதலை ‘லோக்வி’ என்ற வினையாற் குறித்தனர். ஏடுகளில் அது செல்வாக்குடன் விளங்கியது. எனினும், இலத்தீனின் வழிவந்த பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகேயம் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் இன்று அது அன்றாட வினையாக இல்லை. அதன் இடத்தை எளிய சொற்கள் இரண்டு கைப்பற்றின.

முதலாவது, கதை எனப் பொருள்படும் ‘ஃபாபுலா’விலிருந்து பிறந்த வினை. அளவளாவுதல் என்பது அதன் பொருள். கி.மு. 200-ஐ ஒட்டி வாழ்ந்த பிளாட்டஸ் இயற்றிய நகைச்சுவை நாடகங்களிலேயே அது பயின்று வருகிறது. அதுவே ஸ்பானியத்தில் ‘அப்லார்’ என்றும் போர்த்துகேயத்தில் ‘ஃபலார்’ என்றும் ஆயிற்று. ஈழத்தமிழர் பேசுவதைக் ‘கதைத்தல்’ என்பர். அங்கும் கதையே பேச்சாயிற்று அன்றோ!

இரண்டாவதன் வேர் கிரேக்கச் சொல்லாகிய ‘பராபொலே’. ஒப்புமை என்பது அதன் பொருள். கிறிஸ்தவ வேதத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அது இயேசு கூறிய உவமைக் கதைகளைக் குறித்தது. நாளடைவில் ‘சொல்’ என்றே பொதுப்பொருள் பெற்றது. அதினின்று எழுந்த வினையே பிரெஞ்சில் ‘பார்லே’, இத்தாலியத்தில் ‘பார்லாரே’.

கற்றோர் எழுதிய இலத்தீனுக்கும் மக்கள் பேச்சுக்கும் இடையே இவ்வாறு இடைவெளி வளர்ந்தது. கி.பி. 813-இல் பிரான்சின் தூர் நகரிற் கூடிய ஆயர் பேரவை, அனைவரும் எளிதில் உணருமாறு மறையுரைகளை நாட்டுப்புற உரோம மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ பெயர்த்துரைக்கப் பணித்தது. மக்கள் பேசியது தனிமொழி என்பதைக் கற்றோரும் ஏற்கலாயினர்.

பின்னர் ‘பார்லே’ என்னும் அவ்வினையிலிருந்து, கூடிப் பேசுதலைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஒன்று பழைய பிரெஞ்சில் உண்டாயிற்று. அது ஆங்கிலம் புகுந்து ‘பார்லிமெண்டு’ ஆயிற்று. டில்லியில் நம் பிரதிநிதிகள் கூடும் அவையும் இன்று அப்பெயரைத் தாங்குகிறது. எளியோர் நாவில் வளர்ந்த சொல் ஆட்சி மன்றத்தின் பெயராக உயர்ந்தது.

பிறமொழி வழங்கும் மாநிலங்களில் வாழும் நாம் இதிலிருந்து ஒன்று உணரலாம். ‘லோக்வி’க்கு நூல்கள் குறைவில்லை, தாய் குழந்தையிடம் வழங்கும் சொல்லாக அது நிலைக்கவில்லை. நம் இல்லங்களில் தமிழ் புத்தக அலமாரியில் இருப்பது நன்று. உண்ணும் வேளையில் நம் மக்களின் நாவில் இருப்பது அதனினும் நன்று.