தோல் என்றொரு கேடயம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் 'தோல்' என்ற சொல்லுக்கு யாரும் பொருள் கேட்பதில்லை. தோல் ஷாப், தோல் மண்டி, தோல் வியாபாரம், தோல் கழிவு என்று நாள் முழுக்கப் புழங்கும் சொல் அது. உருது பேசும் வீடுகளில் அதுவே 'சம்டா'. பாலாற்றுக் கரையில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட சொற்கள் இவை இரண்டும். ஆனால் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் போர்க்களத்தில் நின்ற ஒரு வீரனிடம் 'தோல் எங்கே?' என்று கேட்டிருந்தால், அவன் தன் இடக்கையை உயர்த்திக் காட்டியிருப்பான். அன்று தோல் என்றால் கேடயம்.

இது உவமையாக வந்த பொருளன்று. புறநானூற்றின் நான்காம் பாட்டில், சோழன் உருவப் பல்தேர் இளஞ்சேட்சென்னியின் படையைப் பரணர் பாடுகிறார். அம்பு தைத்துத் துளை விழுந்த கேடயங்கள், வில் பயில்வோர் குறிபார்க்க நிறுத்திய இலக்குகள் போலத் தெரிவதாகச் சொல்கிறார். கேடயத்துக்கு அவர் ஆளும் சொல் 'தோல்'. அடைமொழி ஏதுமில்லை. கேட்டவர்களுக்கு அது உடனே விளங்கியிருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் கோட்டை முற்றுகையைப் பாடும் உழிஞைத் திணையில், கேடயப் படையின் மிகுதியைச் சொல்வது ஒரு துறை. அங்கும் சொல் 'தோல்'தான். ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் அத்துறைக்குத் 'தோலுழிஞை' என்றே பெயரிட்டார். மதிலேறும் வீரனுக்கு மேலிருந்து அம்பும் கல்லும் வரும்போது தலைக்கு மேல் பிடிக்கும் தோலே கூரை. அந்தப் படைக்கலத்துக்குத் தனித் துறை ஒன்று கிடைத்தது நியாயமே.

இடையில் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். 'தோல்வி', 'தோற்றான்' என்பவற்றில் இருக்கும் 'தோல்' வேறு வேர். ஒலி ஒன்றாக இருப்பதைக் கொண்டு கேடயத்தையும் தோல்வியையும் முடிச்சுப் போடுவதற்கு ஆதாரம் இல்லை. உடலை மூடும் தோலுக்குத் தமிழில் 'தொலி' என்ற உறவு உண்டு. மலையாளத்தில் 'தோல்', 'தொலி', கன்னடத்தில் 'தொகல்', தெலுங்கில் 'தோலு' என்று அதே குடும்பம் தெற்கெங்கும் பரவியிருக்கிறது. ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டமும் கன்னட நாட்டின் தொகலு கொம்பெயாட்டமும் நம் தோற்பாவைக்கூத்தும் ஒரே சொல்லைப் பெயரில் தாங்கியவை. உரித்த தோல், அதிலிருந்து செய்த கேடயம், கொல்லனின் துருத்தி ஆகிய மூன்றும் தமிழில் ஒரே பெயரில் நின்றன. நிகண்டுகள் யானையையும் இதே சொல்லில் சேர்த்தன.

தோலுக்குப் பக்கத்தில் வேறு பெயர்களும் இருந்தன. கிடுகு என்பது கேடயத்தின் இன்னொரு பழம்பெயர். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், மீனவர் குடிசைமேல் தூண்டிற்கோல்கள் சாத்தியிருப்பதைப் பார்த்து, நடுகல்லைச் சுற்றிக் கிடுகும் வேலும் நிறுத்திய அரணை நினைக்கிறார். இன்று யாழ்ப்பாணத்தில் கிடுகு என்றால் பின்னிய தென்னோலை. கூரை வேயவும் வேலி அடைக்கவும் பயன்படுவது. மறைத்துக் காக்கும் வேலை மாறவில்லை, காக்கப்படுவதுதான் மாறியது. 'பலகை' என்பதற்கும் நெடுங்கேடயம் என்ற பொருள் இருந்தது. வடமொழியிலும் 'பலகம்' மரப்பலகையையும் கேடயத்தையும் குறித்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 'பரிசை'. தமிழில் வழக்கொழிந்துவிட்ட இச்சொல் கேரளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. களரியில் வாளும் பரிசையும் சேர்ந்தே வரும். அங்குள்ள சுரியானிக் கிறித்தவர்களின் வாளாட்டத்துக்குப் பரிசமுட்டுக்களி என்று பெயர். பழங்கன்னடத்தில் கேடயத்துக்கு 'ஹரிகெ', தோலும் மூங்கிலும் கொண்டு செய்த வட்டப் படகுக்கு 'ஹரிகோலு'. நம் ஒகேனக்கலில் அதே படகு 'பரிசல்'. மூங்கில் பின்னலின்மேல் மாட்டுத்தோல் போர்த்திய வட்டம் ஆற்றில் மிதந்தால் பரிசல், கையில் பிடித்தால் பரிசை. இவை ஒரே வேரில் கிளைத்தவை என்றே நான் கருதுகிறேன். இன்று பரிசலுக்குத் தார் பூசிய துணியும் பிளாஸ்டிக்கும் வந்துவிட்டன.

இத்தனை சொற்களையும் ஓரங்கட்டிவிட்டு இன்று நிற்பது 'கேடயம்'. வடமொழியின் 'கேடகம்' தமிழில் இடைக் ககரம் நெகிழ்ந்து கேடயம் ஆயிற்று. சிற்ப நூல்களில் துர்க்கையின் ஒரு கையில் கட்கம் என்னும் வாள், மறு கையில் கேடகம். கோயிலில் உற்சவமூர்த்தி எழுந்தருளும் ஒருவகை வாகனத்துக்கும் கேடயம் என்றே பெயர். பள்ளி விளையாட்டு விழாவில் ஆண்டுதோறும் கை மாறும் சுழற்கேடயம் வரை இச்சொல் வந்து சேர்ந்துவிட்டது. 'கவசம்' இன்னும் நெடுந்தூரம் போயிருக்கிறது. கர்ணனின் மார்பில் தொடங்கி, தேவராய சுவாமிகளின் கந்தசஷ்டி கவசம், கோயில்களின் வெள்ளிக் கவசம், இருசக்கர வண்டிக்காரரின் தலைக்கவசம், 2020இல் உலகமே கட்டிக்கொண்ட முகக்கவசம் என்று அது எங்கும் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் சேர மன்னனைத் தன் வீரர்களுக்கு 'மெய்ம்மறை' என்று பாடினார்கள். உடலை மறைப்பது என்ற அந்த அருமையான தமிழ்ச்சொல்லைக் கவசம் முழுதாக மூடிவிட்டது.

செய்பொருளின் பெயரே கேடயத்துக்கு ஆவது தமிழின் தனி வழக்கமன்று. வடமொழியில் 'சர்மம்' என்றால் தோல். அதே சொல்லுக்குக் கேடயம் என்ற பொருளும் உண்டு. கிரேக்கக் காப்பியமான இலியத்தில் மாட்டையும் மாட்டுத்தோலையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களே கேடயத்தைக் குறிக்கவும் வருகின்றன. அயாஸ் என்ற வீரனின் கேடயம் ஏழு மாட்டுத்தோல்களின்மேல் வெண்கலத் தகடு வைத்தது. ஐரோப்பியர் மார்புக் கவசத்துக்குச் சொல்லும் 'குயிராஸ்', தோலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் அதை இரும்பில் செய்தபோதும் பெயர் தோலாகவே இருந்தது.

இதில் ஆம்பூருக்கென்று ஒரு செய்தி இருக்கிறது. உருதுச் சொல் 'சம்டா' பிறந்தது அந்தச் 'சர்மம்' என்பதிலிருந்துதான். பிராகிருதத்தில் 'சம்ம' ஆகி, பிறகு சம்டா ஆயிற்று. ஆக, ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒருவர் தோல் என்று விலை சொல்ல, மற்றவர் சம்டா என்று விலை கேட்டால், இருவர் வாயிலும் இருப்பது ஒரு காலத்தில் கேடயத்தைக் குறித்த சொல். திராவிட வேர் ஒன்று, ஆரிய வேர் ஒன்று. இரண்டும் தனித்தனியே அதே பொருளுக்குப் போய், பிறகு அதை இழந்து, ஒரே தெருவில் சந்தித்திருக்கின்றன. பல்லவன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் நிற்கும் ஊர் ஆம்பூர். ஆநிரைப் போரில் மாண்ட வீரர்களுக்கு ஒன்பதாம் நூற்றாண்டில் எடுத்த கற்கள் அவை. மாட்டைக் காக்க உயிர்விட்ட வீரர்களின் காலத்தில், அவர்களைக் காத்ததும் மாட்டின் தோலே.

'தோல்' ஏன் கேடயப் பொருளை இழந்தது? ஒரே சொல் பல பொருளைச் சுமந்ததால் நெரிசல் ஏற்பட்டிருக்கலாம். ஆனால் அது மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. புறநானூற்றின் 82ஆம் பாட்டைப் பாருங்கள். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, வானத்தில் மழை, சாயும் பொழுது. அந்த அவசரத்தில் தோல்வாரால் கட்டில் பின்னும் தொழிலாளியின் ஊசி எவ்வளவு விரைவாகப் போகுமோ, அவ்வளவு விரைவாகப் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் நடந்தது என்கிறார் சாத்தந்தையார். தமிழில் தோல் தொழிலாளியின் கைவேகத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. ஆனால் அந்தத் தொழிலாளியை அப்பாட்டு 'இழிசினன்' என்றே அழைக்கிறது. கேடயத்துக்குத் துறை கொடுத்த சமூகம், அந்தத் தோலைத் தைத்தவனுக்குக் கொடுத்த பெயர் இது. காலப்போக்கில் பெருமை முழுதும் கேடயம் என்ற வந்த சொல்லுக்குப் போயிற்று. இழிவு முழுதும் தோல் என்ற சொந்தச் சொல்லின்மேல் தங்கிவிட்டது. இது என் முடிவு. சொற்கள் தாமாக இடம் மாறுவதில்லை. அவற்றைப் பேசும் மனிதர்களின் மேல்கீழ் அவற்றை இடம் மாற்றுகிறது.

வேலூர்க் கோட்டையில் தோலின்மேல் இருந்த வெறுப்பும் சேர்ந்து ரத்தத்தில் முடிந்தது. 1806இல் சிப்பாய்களுக்கு வந்த புதிய தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது. பசுத்தோலோ பன்றித்தோலோ என்ற அச்சம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேரக் கலக்கியது. நெற்றிக்குறி, தாடி ஆகியவற்றுக்குத் தடை, திப்புவின் மைந்தர்கள் கோட்டையில் சிறையிருந்தது என்று பல காரணங்கள் சேர்ந்து ஜூலை 10 அன்று புரட்சி வெடித்தது. போர்வீரனின் கையில் ஒரு காலத்தில் வீரமாக இருந்த தோல், தலையில் ஏறியபோது அவமானமாகத் தெரிந்தது.

இன்று தோற்கவசத்தைத் தேடி வாங்குகிறவர்கள் வேறு உலகத்தில் இருக்கிறார்கள். 1977இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் டாகோர்ஹிர் என்ற வேடப்போர் விளையாட்டு தொடங்கியது. 1982இல் இங்கிலாந்தின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் ட்ரெஷர் ட்ராப் என்ற குழு ஆடியது. இவ்வகை ஆட்டத்தை 'லார்ப்' என்கிறார்கள். கற்பனை நாட்டின் வீரனாக வேடமிட்டு, காட்டிலும் கோட்டையிலும் நாள்கணக்கில் கதையை வாழ்ந்து பார்ப்பது. ஆடுகிறவர்களுக்கு அடிபடாமல் இருக்க வாளும் கேடயமும் நுரைப்பஞ்சில் செய்யப்படும். மார்புக் கவசமும் கைக்காப்பும் பல நேரங்களில் உண்மைத் தோலிலேயே இருக்கும். பழங்கால மாதிரிக் கவசங்கள் செய்து ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் இந்தியாவில் மீரட்டிலும் டேராடூனிலும் இருக்கின்றன.

நம் தோல் இதற்கு ஆகுமா? இங்கேதான் தொழில் நுட்பம் குறுக்கே வருகிறது. இன்று இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் நடப்பது குரோம் பதனம். தோல் சரியாகப் பதமாயிற்றா என்று பார்க்கக் கொதிக்கும் நீரில் ஒரு துண்டைப் போடுவார்கள். சுருங்காவிட்டால் தேறியது. 'பாயில் டெஸ்ட்' என்பது அதுதான். கவசத்துக்கு வேண்டியதோ நேர் எதிரானது. ஐரோப்பாவின் பழைய முறையில், பட்டைச்சாற்றில் பதனிட்ட தடித்த தோலைச் சுடுநீரில் சற்றே அமிழ்த்தி எடுத்தால் இழைகள் சுருங்கித் தடித்துக் கெட்டியாகும். ஈரமாக இருக்கும்போதே அச்சில் பொருத்திக் காயவிட்டால் மரம்போல் நிற்கும். தேர்வில் தேறிய குரோம் தோல் இதற்குத் தேறாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு நம் முன்னோர் பதனிட்ட தோல் தேறும். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று உலகம் அறிந்து, பிறகு புவிசார் குறியீடும் பெற்ற தமிழ்நாட்டுச் சரக்கு அது. 1970களில், அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், அரைப்பதத் தோல் ஏற்றுமதி குறைந்து, முழுதாக முடித்த தோலும் காலணியும் பெருகின. பாலாற்றுக்கு நேர்ந்த கேட்டை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1996இல் தீர்ப்புப் பெற்ற வழக்கையும் இங்கே மறக்கக் கூடாது. ஆவாரைக்குத் திரும்பும் ஒவ்வொரு தொட்டியிலும் குரோம் கழிவு குறையும். கவசம் செய்யும் சிறு பட்டறை அதற்கு ஒரு நல்ல காரணமாகலாம்.

வேடமிட்டுப் போர்க்கதையை வாழ்ந்து பார்ப்பது நமக்குப் புதிதன்று. வடாற்காட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவாகப் படுத்திருக்க, ஊரே பாரதத்துக்குள் நிற்கும். அரசர் வேடக்காரர் அணியும் கிரீடமும் புஜக்கட்டையும் மார்பதக்கமும் எடை குறைந்த கல்யாணமுருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்தவை. அந்த அணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். அதனாலேயே அக்கலை கட்டைக்கூத்து. மரத்தில் செய்ததற்குக் கட்டை, தோலில் செய்ததற்குத் தோல். சங்கப் புலவன் கேடயத்துக்குப் பெயரிட்ட முறை கூத்துக் கொட்டகையில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஆம்பூருக்கு உரிய இன்னொரு சொல்லையும் சொல்ல வேண்டும். பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய நூல். இந்த வட்டாரமும் அடங்கிய தொண்டை நாட்டுப் பாட்டு. அதில் வணிகரின் செருப்பைப் பாதத்தை மறைக்கும் 'அரணம்' என்கிறார் உருத்திரங்கண்ணனார். அரணம் என்றால் காவல், கோட்டை, கவசம். இன்னோரிடத்தில் அதே நூல் செருப்பைத் 'தொடுதோல்' என்கிறது. இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி இன்று இந்த வட்டாரத்தில் தைக்கப்படுகிறது. அதற்கு 'அரணம்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயரை எந்தக் குழுவும் கூடி ஆக்க முடியாது.

கேடயத்தை விலக்கச் சொல்லவில்லை. அது நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆனால் வேலூர்க் கோட்டை அருங்காட்சியகத்திலும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் கேடயங்களுக்கு எழுதும் பெயர் அட்டைகளில் 'தோல்', 'கிடுகு', 'பரிசை' என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ்ப் பாடநூலில் புறநானூற்றைச் சொல்லித் தருகிற ஆசிரியர்கள் வாணியம்பாடிப் பிள்ளைகளிடம் இந்தப் பொருளை விட்டுவிடாமல் சொல்லுங்கள். அந்த வகுப்பில் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவரின் மகளோ மகனோ கட்டாயம் இருப்பார்.